கூத்தனேரிச் சங்கம் டிரம்ஸ் ஏற்றிய கதை

கூத்தனேரியை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம். வரைபடம் போட வந்த அதிகாரிக்கு வழி சொன்னவர்கள் அந்த ஊர்க்காரர்கள்தான்.

அங்கே ஒரு சுமைதூக்கும் தொழிலாளர் சங்கம் இருந்தது. உறுப்பினர்கள் நான்கு பேர். செயலாளர் சொர்ணப்பன். கூட்டம் என்று சொன்னவுடன் முதலில் உட்கார்ந்துவிடுகிறவன் இருளாண்டி என்பதால் அவன் தலைவர். யார் எதைச் சொன்னாலும் "வழிமொழிகிறேன்" என்பவன் சேவுகன். நான்காமவன் வெள்ளைக்கண்ணு, லாரி ஓட்டுகிறவன், எல்லாவற்றையும் எதிர்க்கிறவன். இடதுபக்கம் திரும்பச் சொன்னால் தன் கண்டனத்தைப் பதிவு செய்துவிட்டுத்தான் இடதுபக்கம் திரும்புவான்.

இந்த நால்வரும் பதினான்கு வருடமாக ஒரு போராட்டத்தில் இருந்தார்கள்.

அது தொடங்கியது உள்ளூர் அரிசி ஆலையில். ஆலை மேஸ்திரி ஒருநாள், "மூளையை எல்லாம் வீட்டுலயே வெச்சிட்டு வாங்கலே. சொன்னதை மட்டும் செஞ்சாப் போதும்" என்று சொல்லிவிட்டார். மானமுள்ள தொழிலாளி இதைப் பொறுப்பானா? மேலிடத்திலிருந்து தலைவர் ஒருவர் காரில் வந்தார். "சொன்னதை மட்டும் செய்வோம்! அதற்குமேல் ஓர் அரிசிமணி அளவுகூடச் செய்யமாட்டோம்!" என்று போராட்டத்தை அறிவித்தார். மாலையை வாங்கிக்கொண்டார். காரிலேயே போய்விட்டார். போராட்டத்தை எப்படித் தொடங்குவது என்று சொல்லத் தலைவர்களுக்கு எப்போதும் நேரம் இருக்கும். எப்படி முடிப்பது என்று சொல்லும்வரை அவர்கள் கார் நின்றதில்லை.

மறுநாள் மேஸ்திரி "மூட்டையைத் தூக்கு" என்றார். தூக்கினார்கள். இறக்கச் சொல்ல மறந்து அவர் சாப்பிடப் போய்விட்டார். இரண்டரை மணி நேரம் நால்வரும் நெல் மூட்டையோடு களத்தில் நின்றார்கள். நிர்வாகமே நடுங்கிப்போனதாகச் சொர்ணப்பன் இன்றைக்கும் சொல்வார்.

பிறகு ஆலை மூடிக்கொண்டது. மேஸ்திரி காலமானார். முதலாளியும் காலமானார். போராட்டம் மட்டும் சாகவில்லை. அதை வாபஸ் வாங்கப் பேச்சுவார்த்தை நடக்க வேண்டும். பேச்சுவார்த்தைக்கு எதிர்த்தரப்பு வர வேண்டும். எதிர்த்தரப்பு சுடுகாட்டில் இருந்தது.

சொர்ணப்பனின் மனைவி பாக்கியத்தாய் பதினான்கு வருடமும் பொறுமையாகத்தான் இருந்தாள். போன மாதம் அவள் வாசலில் தொங்கிய சங்கப் பெயர்ப்பலகையைத் தட்டிப் பார்த்தாள். "நல்ல தேக்கு. ஒரு மாசத்துக்குள்ள நிரந்தரமா ஒரு வேலையோட வாங்க. இல்லேன்னா இதைப் பிளந்து அடுப்புல வெச்சிருவேன். ரெண்டு நாள் சோறு பொங்கலாம்."

அப்போதுதான் எஸ்தர் வந்தாள்.

பெருநகரத்தில் 'தீப்பாறை' என்று ஒரு ராக் இசைக்குழு. ஊர் ஊராகப் போய்ப் பாடுவார்கள். அவர்களுடைய ஒலிப் பொறுப்பு, சாமான் பொறுப்பு, சண்டைப் பொறுப்பு மூன்றும் எஸ்தருக்கு. சித்தன்பட்டிப் பொருட்காட்சியில் முதல் கச்சேரி முடிந்ததும், கூட வந்த சுமைக்காரர்கள் அவளோடு சண்டை போட்டுக்கொண்டு ஊர் திரும்பிவிட்டார்கள். பக்கத்து ஊரில் ஆள் இருக்கிறது என்று யாரோ சொல்ல, நால்வரும் காலை ஏழு மணிக்கு அவள் முன்னால் வரிசையாக நின்றார்கள்.

"அண்ணே, நாற்பத்தேழு பெட்டி. இன்னிக்கு சாயங்காலம் மாவடித்துறை, நாளைக்கு பூவாணிபுரம். ரெண்டும் நல்லபடியா முடிஞ்சா, ஒரு வருஷம் எங்க கூடவே வேலை. எழுதியே தர்றேன்."

சொர்ணப்பனுக்குத் தேக்குப் பலகை கண்ணில் ஆடியது. "சொல்லுங்க மேடம். சொன்னபடி செய்வோம்" என்றார். எஸ்தர் இதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் மூன்று விஷயம் சொன்னாள். ஒன்று, லாரியில் காலி இடமே விடாமல் அடுக்க வேண்டும். காலி இடம் இருந்தால் சாமான் ஆடும், ஆடினால் உடையும். இரண்டாவது, எல்லாக் கருவிகளின் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கிற மிக்சிங் போர்டு. பொத்தான்கள் நிறைந்த பெரிய பலகை. அதை இருளாண்டியின் கையில் ஏற்றிவிட்டு, "இது என் உயிர். நான் வந்து வாங்குற வரைக்கும் கையிலேருந்து விடாதீங்க" என்றாள். பிறகு வேனில் ஏறும்போது திரும்பிப் பார்த்து, "மாவடித்துறை மேடை நேத்து இங்க இருந்த மாதிரியே இருக்கணும். ஒண்ணுகூட மாறக் கூடாது!" என்று கத்திவிட்டுப் போனாள்.

பெட்டிகளை அடுக்கினார்கள். இடுக்குகளில் வைக்கோலைத் திணித்தார்கள். அருமையாக அடுக்கினார்கள் என்றே சொல்ல வேண்டும். அவர்களைவிட நன்றாக அடுக்குகிறவர்கள் அந்த வட்டாரத்தில் கிடையாது. கடைசியாகப் பெரிய டிரம் ஏறியபோது வெள்ளைக்கண்ணு அதன் முன்பக்கத்து ஓட்டையில் கையை விட்டான். தோள்வரை போயிற்று.

"செயலாளரே, இதுக்குள்ள ஒண்ணுமே இல்லைவே!"

உடனே இருளாண்டி போர்டோடு உட்கார்ந்தான். கூட்டம் தொடங்கிவிட்டது. கூட்டம் தொடங்கினால் அவர்கள் 'வே', 'லே' எதுவும் பேசமாட்டார்கள்.

"தோழர்களே," என்றார் சொர்ணப்பன், "டிரம்முக்குள்ளே காலி இருக்கிறது. டிரம் லாரிக்குள்ளே இருக்கிறது. அப்படியானால் லாரிக்குள்ளே காலி இருக்கிறதா, இல்லையா?"

"இருக்கிறது என்பதை வழிமொழிகிறேன்" என்றான் சேவுகன்.

"எதிர்க்கிறேன். அது டிரம்முடைய காலி. லாரியுடைய காலி இல்லை."

"தோழர் வெள்ளைக்கண்ணு, உங்கள் வயிறு காலியாக இருக்கிறது. நீங்கள் வீட்டுக்குள்ளே இருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் பசி இருக்கிறதா, இல்லையா?"

வெள்ளைக்கண்ணு தன் வயிற்றைத் தடவிப் பார்த்தான். "இருக்கிறது. ஆனாலும் எதிர்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஆதரவாகக் கையைத் தூக்கினான்.

பொருட்காட்சிக்குப் பக்கத்திலிருந்த ஓர் அரிசி ஆலையில் உமி மலைபோல் கிடந்தது. பெரிய டிரம்முக்கு மூன்று சாக்கு போயிற்று. சின்ன டிரம்களின் தோலைக் கழற்றி, நிரப்பி, மறுபடி முடுக்கினார்கள். நரம்புக் கிடாரின் வட்ட ஓட்டை வழியாகச் சேவுகன் ஒரு புனல் வைத்து உமியை ஊற்றினான். ஸ்பீக்கர் பெட்டிகளையும் கிடார் சத்தத்தைப் பெரிதாக்கும் ஆம்ப் பெட்டிகளையும் திருகு கழற்றிப் பார்த்தார்கள். எத்தனை காலி! பெரிய பெரிய பெட்டிகளைச் செய்துவிட்டு உள்ளே ஒன்றுமே வைக்காமல் விற்றிருக்கிறார்கள் என்று சொர்ணப்பனுக்கு ஆத்திரமாக வந்தது. முதலாளிகள் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான்.

லாரி புறப்பட்டபோது அதற்குள் ஓர் எறும்பு திரும்பிப் படுக்க இடமில்லை.

மாவடித்துறையில் எஸ்தர் மேடைக்குப் பின்னால் மின்சாரக்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாள். அந்த நேரத்தில் சங்கம் மேடையை அமைத்தது. முந்தின நாள் சித்தன்பட்டிக் கச்சேரியை நால்வரும் வேலிக்கு வெளியே நின்று பார்த்திருந்தார்கள்; அந்த மேடை இருந்தபடியே ஒன்றுவிடாமல் அமைத்தார்கள். அவள் திரும்பி வந்தபோது தலைக்குமேல் 'சித்தன்பட்டிப் பொருட்காட்சி உங்களை அன்புடன் வரவேற்கிறது' என்ற பதாகை தொங்கியது. மேடையின் வலது மூலையில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிக் குட்டை கட்டியிருந்தது. கீபோர்டின் கீழே ஒரு செவலை நாய்.

"நாய் எங்கேருந்து வந்துச்சு?"

"சித்தன்பட்டியிலேருந்து மேடம். நேத்துக் கச்சேரியில கீபோர்டுக்குக் கீழதானே படுத்திருந்துச்சு? அதைப் பிடிக்கத்தான் நேரமாயிட்டுது."

"அந்தத் தண்ணி?"

"நேத்து மழை பேஞ்சு தேங்கி நின்னுச்சே."

"அண்ணே, இது மாவடித்துறை! மேல சித்தன்பட்டின்னு போட்டிருக்கே!"

"அதை மாத்தினா ஒண்ணு மாறிருமே மேடம்" என்றார் சொர்ணப்பன், வருத்தத்தோடு.

எஸ்தர் கண்ணை மூடிப் பத்துவரை எண்ணினாள். அது அவளுக்கு எண்ணும் யோசனையைக் கொடுத்தது. சேவுகனை மைக்கின் முன் நிறுத்தினாள். "நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொல்லிக்கிட்டே இருங்க. சத்தம் சரிபார்க்கணும்." அவன் சொல்லத் தொடங்கினான். அதற்குள் நாய் கிடார்காரன் ஒருவனின் காலைக் கவ்வ, அவள் அங்கே ஓடினாள். அப்புறம் பதாகை. அப்புறம் தண்ணீர். நிறுத்தச் சொல்ல அவளுக்கு நினைவே வரவில்லை.

மாலை ஐந்தரைக்கு அவள் மூச்சு வாங்க இருளாண்டியிடம் வந்தாள். காலை ஏழு மணியிலிருந்து அவன் போர்டைக் கீழே வைக்கவில்லை. வழியில் தேநீரைச் சேவுகன்தான் அவன் வாயில் ஊற்றினான். மற்றத் தேவைகளை அவன் எப்படி நிறைவேற்றினான் என்பதைச் சங்கத்தின் கண்ணியம் கருதி இங்கே எழுதவில்லை.

"அண்ணே, அந்த மேசை மேல வைங்க."

"நீங்க வந்து வாங்கணும்னு சொன்னீங்களே மேடம்."

எஸ்தர் கையை நீட்டினாள். நாற்பது கிலோ. அவளால் தாங்க முடியவில்லை. வெள்ளைக்கண்ணுவும் சொர்ணப்பனும் பக்கத்திலேயே நின்றார்கள்.

"நீங்க ரெண்டு பேரும் வாங்கி வைக்கலாமே!"

"நீங்க வாங்குற வரைக்கும்னுதான் உத்தரவு" என்றார் சொர்ணப்பன். "அது உங்க உயிரு மேடம், நாங்க வாங்கலாமா? நாளைக்கு ஒரு கேள்வி வந்துரக் கூடாது."

ஆறு மணிக்குக் கூட்டம் கூச்சல் போட்டது. வேறு வழியில்லாமல் இருளாண்டியின் கையிலிருந்த போர்டிலேயே அத்தனை கேபிள்களையும் செருகினாள். அவன் மூச்சை இழுத்தால் போர்டு ஏறும், விட்டால் இறங்கும். அவளும் கூடவே ஏறி இறங்கிப் பொத்தான்களைத் தள்ளினாள்.

"கடைசியா ஒண்ணு" என்று சொர்ணப்பனைப் பார்த்தாள். "நடுவுல மேடையில புகை வரும். அதுக்கு ஒரு மெஷின் இருக்கு. யாரும் பயப்படாதீங்க, கிட்டப் போகாதீங்க. அது அப்படித்தான்."

கச்சேரி தொடங்கியது. டிரம்காரர் இரண்டு குச்சிகளையும் உயர்த்தி இறக்கினார். பொத். ஈரத்துணியைக் கல்லில் போட்ட சத்தம். அவர் முகம் வெளுத்தது. பெரிய டிரம்மைக் காலால் ஓங்கி மிதித்தார். முன்பக்கத்து ஓட்டையிலிருந்து ஒரு படி உமி பீறிட்டுப் போய் முதல் வரிசையில் இருந்த ஊர்ப்பெரியவர்கள்மேல் விழுந்தது. மறுபடி மிதித்தார். மறுபடி ஒரு படி. பாட்டின் முதல் பத்தி முடியும்போது முன்வரிசை முழுவதும் பொன்னிறமாக இருந்தது. பட்டணத்துக் கச்சேரி என்றால் இப்படித்தான் போலிருக்கிறது என்று எண்ணி, அவர்களும் மரியாதைக்காகக் கைதட்டினார்கள்.

இரண்டாவது பாட்டில் ஆம்ப் பெட்டிக்குள் உமி சூடேறிப் புகையத் தொடங்கியது. பேஸ் கிடார்காரன் அலறிக்கொண்டு ஓடினான். சொர்ணப்பன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குறுக்கே நின்றார்.

"பயப்படாதீங்க தம்பி. கிட்டப் போகாதீங்க. அது அப்படித்தான்."

"யோவ், தீப்பிடிக்குதுய்யா!"

"மேடம் முன்கூட்டியே சொல்லிட்டாங்க."

எஸ்தர்தான் பாய்ந்து மின்சாரத்தைப் பிடுங்கி, ஈரச்சாக்கால் அடித்து அணைத்தாள். மைதானம் திடீரென்று அமைதியானது. அந்த அமைதியில், மேடையின் ஓரத்திலிருந்து சேவுகனின் தெளிவான குரல் கேட்டது: "மூவாயிரத்து அறுநூற்று இருபத்து நாலு. மூவாயிரத்து அறுநூற்று இருபத்தஞ்சு."

கூட்டம் பத்து நிமிடம் விசிலடித்தது. மின்சாரத்தைத் திரும்பக் கொடுத்து, மிச்சப் பாட்டுகளைக் கீபோர்டும் தொண்டையுமாகச் சமாளித்து ஒருவழியாகக் கச்சேரியை முடித்தார்கள்.

எல்லாரும் போனபிறகு எஸ்தர் மேடைப் படியில் உட்கார்ந்தாள். திட்டுவதற்கும் தெம்பு இல்லை. "ஏண்ணே, சொன்னதை மட்டும்தான் செய்வீங்களா?"

"ஆமா மேடம். போராட்டத்துல இருக்கோம்."

"என்ன போராட்டம்? யாருக்கு எதிரா?"

"அரிசி ஆலை முதலாளிக்கு எதிரா."

"அவர் எங்க?"

"காலமாகி ஒன்பது வருஷம் ஆச்சு. பேச்சுவார்த்தைக்கு வரவே மாட்டேங்கிறார்."

எஸ்தர் அவரை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு அப்போது எல்லாம் விளங்கியது. இவர்கள் முட்டாள்கள் அல்ல, போராளிகள். போராட்டத்தை முடித்துவிட்டால் சரியாகிவிடுவார்கள். படித்தவர்கள் இப்படித்தான் ஒன்று தெரிந்தவுடன் மீதியும் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொள்வார்கள்.

"சரி. நான்தான் இப்ப எதிர்த்தரப்பு. கோரிக்கையைச் சொல்லுங்க."

நால்வரும் எழுந்து நின்றார்கள். சொர்ணப்பன் சட்டைப் பையிலிருந்து பதினான்கு வருடம் மடிந்து கிழிந்த துண்டறிக்கையை எடுத்தார். "வேலை நேரத்தில் இருவேளை கருப்பட்டிக் காப்பி."

"ஒத்துக்கிறேன்."

"வருஷத்துக்கு ஒரு தோள்துண்டு."

"ரெண்டாவே தர்றேன்."

"மூளையை வீட்டில் வைத்துவிட்டு வரச் சொன்ன மேஸ்திரி பகிரங்க மன்னிப்புக் கேட்க வேண்டும்."

எஸ்தர் எழுந்தாள். காலியான மைதானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். "மேஸ்திரி சார்பா நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். உங்க மூளையை நாளையிலேருந்து வேலைக்குக் கொண்டு வாங்க."

பாட்டு வரிசை எழுதிய தாளின் பின்பக்கத்தில் ஒப்பந்தம் கையெழுத்தானது. "சொன்னதை மட்டும் செய்யும் போராட்டம் மாபெரும் வெற்றியுடன் முடிவடைந்தது" என்று சொர்ணப்பன் அறிவித்தார். சேவுகன் எண்களுக்கு நடுவே ஒருமுறை "வழிமொழிகிறேன்" என்றான். வெள்ளைக்கண்ணு வெற்றியை எதிர்த்தான். போர்டைப் பிடித்தபடியே இருளாண்டி அழுதான்.

"இனிமே நான் வாயே திறக்கமாட்டேன்" என்றாள் எஸ்தர். "நாங்க வேன்ல முன்னாடி போயிடுறோம். நாளைக்கு சாயங்காலம் பூவாணிபுரத்து ஜனங்க கச்சேரி கேக்கணும். அவ்வளவுதான். எப்படிங்கிறதை நீங்களே யோசிச்சுச் செய்யுங்க. அது முடிஞ்சா ஒரு வருஷ வேலை உங்களுக்கு."

மறுநாள் காலை சொர்ணப்பன் வீட்டுக்குப் போன் போட்டார். "பாக்கியம், பலகையைத் துடைச்சு வர்ணம் அடிச்சு வை. வேலை வந்தாச்சு." பிறகு கூட்டத்தைக் கூட்டினார். பதினான்கு வருடம் கழித்து, முதன்முறையாகச் சொந்த மூளை. நாற்பத்தேழு பெட்டிகளையும் சுற்றி வந்து, நால்வரும் உச்சிப்பொழுதுவரைக்கும் யோசித்தார்கள்.

பூவாணிபுரத்தில் மாலை நான்கு மணிக்கே மூவாயிரம் பேர் கூடிவிட்டார்கள். எஸ்தர் மைதான வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து மணிக்கு லாரி வந்து நின்றதும் ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒன்றுமில்லை. பெருக்கித் துடைத்து வைத்திருந்தது.

"சாமான் எங்க?"

"மாவடித்துறை மேடையிலதான் மேடம். போட்டது போட்டபடி, பத்திரமா இருக்கு" என்றார் சொர்ணப்பன். அவர் முகத்தில் அப்படியொரு ஒளி. "இருளாண்டி காவல் இருக்கான். போர்டு அவன் கையிலதான். நீங்க வந்து வாங்கலையே."

"ஏன் ஏத்தலை?" என்றாள்.

"யோசிச்சோம் மேடம். நாற்பத்தேழு பெட்டி. ஏத்தணும், அடுக்கணும், காலியை நிரப்பணும், இறக்கணும், நாயைப் பிடிக்கணும். எதுக்கு? ஜனங்க கச்சேரி கேக்கணும், அவ்வளவுதானே? சுமைன்னு பார்த்தா ஜனங்களைப் போல லேசான சுமை உலகத்துல கிடையாது. தானே ஏறும், தானே இறங்கும். ஆடினாலும் உடையாது." துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "ஒரு நடைக்கு அறுபது பேர். அம்பது நடை. அறுவடைக் காலத்துல இதுக்கு மேல அடிச்சிருக்கோம். அடுத்த வெள்ளிக்குள்ள எல்லாரும் அங்க இருப்பாங்க."

வெள்ளைக்கண்ணு லாரியின் கதவில் ஓங்கித் தட்டினான். "நான் இதை எதிர்த்தேன் மேடம். வண்டி தயாரா இருக்கு, ஏறச் சொல்லுங்க."

சேவுகன் அதற்குள் பின்பலகையை இறக்கிவிட்டு, முன்னால் நின்ற தடித்த மனிதர் ஒருவரைக் கைகொடுத்துத் தூக்கி ஏற்றி, காலி இடம் விடாமல் மூலையோடு மூலையாக அடுக்கினான்.

"எட்டாயிரத்து நூற்று நாற்பத்தி ஒண்ணு" என்றான். "அடுத்து வாங்க."